சம்பளத்தைக் குறைப்பதா, ஆளை விற்பதா?

கால்பந்து கிளப் கடனில் தத்தளிக்கும்போது வீரர்கள் விஷயத்தில் எது சரி? குமரி மாவட்டம் தூத்தூர், சின்னத்துறை பக்கம் கால்பந்து பேச உட்கார்ந்தால் ஓயாத வாக்குவாதம் இது.

பணம்:
குறைத்தால், மாதாமாதம் கொஞ்சம் மிச்சம்.
விற்றால், மொத்தமாக வரும். நெருக்கடி வெளியே தெரிந்துவிட்டால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

எளிது:
குறைக்க வீரரின் சம்மதம் வேண்டும். நம்ம ஊர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) மாதிரி ஆட்டம் முடிந்ததும் எண்ணிக் கொடுக்கும் காசல்ல, ஒப்பந்தம். 2020 மார்ச்சில் பார்சிலோனா வீரர்கள் 70 சதவீதக் குறைப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். அதுவும் கொரோனா அவசரநிலை முடியும்வரைதான்.
விற்க, டிரான்ஸ்பர் விண்டோ, அதாவது வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கும் காலம், திறக்கணும்.

அணி:
குறைத்தால் முணுமுணுப்பு, ஆனால் ஆள் இருப்பார்.
விற்றால் ஓட்டை. 2001இல் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடிய இங்கிலாந்து கிளப் லீட்ஸ், மறு வருடம் தடுப்பாட்டக்காரர் ஃபெர்டினாண்டை விற்றது. பிறகு வரிசையாகப் பலரை. 2004இல் இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கை விட்டே இறங்கியது.

சில மாதக் கைமுடைக்குக் குறைப்பு போதும். கடன் கழுத்தை நெரித்தால் விற்கத்தான் வேண்டும். அப்போதும் விலை இருக்கும்போதே ஒருவரை மட்டும்.