பகிடிவதை, பாகுபாடு: கொழும்புக் கம்பஸ்களின் ஆலோசனைச் சேவை எவ்வளவு கைகொடுக்கிறது?

கொழும்பிலும் அதைச் சுற்றியும் உள்ள அரச பல்கலைக்கழகங்களில், தொந்தரவுக்கோ பாகுபாட்டுக்கோ ஆளான மாணவருக்குப் போக இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பீடத்துக்குப் பீடம் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சிரேஷ்ட மாணவர் ஆலோசகர். பல இடங்களில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர், பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி, பால்நிலைச் சமத்துவத்துக்கான நிலையம். வெளியே, கொழும்பு 7 வோட் பிளேஸில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. ஆள் பட்டியல் நீளமானதுதான். ஆனால் கேட்பவர் யார், விசாரிப்பவர் யார் என்ற கோடு பல இடங்களில் அழிந்து கிடக்கிறது. மனம் திறந்து சொன்னது மறுநாளே முறைப்பாடாகி ஊரெல்லாம் பரவிவிடும். முறைப்பாடாகக் கொடுத்தது ஆறுதல் பேச்சோடு முடிந்துவிடும். இந்தச் சேவையின் தரத்தை நாங்கள் முதலில் அளப்பது இந்தக் கோட்டை வைத்துத்தான்.

மாணவர் ஆலோசகர் என்பவர் பெரும்பாலும் விரிவுரையாளர். கற்பித்தலோடு சேர்த்து இந்தப் பொறுப்பையும் ஏற்றிருப்பார். நடைமுறை வேலை முடிப்பதில் இவர்களைவிட வேகமானவர் கம்பஸுக்குள் இல்லை. விடுதி அறை மாற்ற வேண்டும், இன்னொரு குழுவோடு செய்முறை செய்ய வேண்டும், மஹாபொல புலமைப்பரிசில் படிவம் எங்கோ சிக்கிக் கிடக்கிறது, சீனியர்மார் மறித்து நிற்பதால் கன்டீனுக்கே போக முடியவில்லை: இப்படியானவற்றுக்கு ஒரு நல்ல ஆலோசகர் எடுக்கும் ஒரேயொரு தொலைபேசி அழைப்பு போதும். புதுமுக மாணவர் வரும் முதல் வாரங்களில் கம்பஸைச் சுற்றி நடந்து காவல் காப்பவர்களும் இவர்களே. அந்த உழைப்பை மதிக்க வேண்டும்.

ஆனால் அவருக்கு உளவளத்துணையில் முறையான பயிற்சி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்களைத் தொந்தரவு செய்தவரும் அவருடைய மாணவராகவே இருப்பார். சில வேளை அவருடைய சக ஊழியராகவும் இருப்பார். ஒழுக்காற்று நடவடிக்கையிலும் அவருக்குப் பங்குண்டு. ஆகவே அவர் முன்னால் அமர்ந்ததும் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: “சேர், நான் சொல்லப்போவதை நீங்கள் யாரிடமாவது அறிவிக்க வேண்டிய கட்டாயம் உண்டா? எங்காவது எழுதி வைப்பீர்களா?” நேர்மையான ஆலோசகர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். மழுப்பினால், அவரிடம் அறை மாற்றம் போன்ற உதவியை மட்டும் கேளுங்கள். உள்ளே நடந்ததை உளவளத்துணையாளரிடம் கொண்டுபோங்கள்.

முழுநேர உளவளத்துணையாளர் இருக்கும் இடங்களில் சேவை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஒரு அமர்வு முக்கால் மணி தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை போகும். நல்லவர் தொடக்கத்திலேயே இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுவார்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது நீதிமன்றம் கேட்டால், அந்த இரகசியம் காக்கப்படாது. முதல் நாளில் பெயர்களைக் கேட்டு நெருக்க மாட்டார். நித்திரை, சாப்பாடு, வகுப்புக்குப் போகிறீர்களா, இன்றிரவு பாதுகாப்பாக எங்கே தங்குவீர்கள் என்றுதான் கேட்பார். முறைப்பாடு செய்வதா விடுவதா என்ற முடிவை உங்கள் கையில் விட்டுவிட்டு, எந்தப் பாதையில் என்ன நடக்கும் என்று விளக்குவார்.

கெட்டுப்போகும் அமர்வையும் அடையாளம் காண்பது எளிது. “கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், பிறகு அவங்கள்தான் உனக்கு உதவுவாங்கள்” என்பார்கள். “நீ என்ன உடுத்திருந்தாய்?” என்று கேட்பார்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது, இரு தரப்பையும் ஒரே மேசையில் இருத்திச் சமரசம் பேசுவது. அறைத் தோழர்களுக்கிடையே மின்விசிறிக்கு வரும் சண்டைக்குச் சமரசம் சரி. ஒருவர் மற்றவரை அச்சுறுத்தி வைத்திருக்கும் இடத்தில் அது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை மாட்டிவிடுவதாகும். அவர் ‘மன்னிச்சிட்டேன்’ என்று ஒப்பமிட்டுக் கொடுத்த தாள், பிறகு எந்த விசாரணையிலும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும். அப்படியொரு தாளை நீட்டினால், “வாசித்து யோசித்து நாளைக்குத் தருகிறேன்” என்று எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழில் இந்தச் சேவை கிடைக்கிறதா? பாதிக்குப் பாதி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி தமிழும் ஆட்சிமொழி. அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. எழுத்தில் இதை வற்புறுத்தலாம், பலன் உண்டு. பேச்சில்தான் இடர்ப்பாடு. தமிழ் பேசும் உளவளத்துணையாளர் வாரத்தில் எந்த நாள் வருகிறார் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். கூடப் படிக்கும் சிநேகிதியை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவளுக்குத் தெரியக் கூடாதது ஒன்று இருந்தால் நீங்கள் அதை விழுங்கிவிடுவீர்கள். பின்னர் அவளையே சாட்சியாக அழைக்கவும் வேண்டிவரலாம்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. தமிழ் ஆலோசகர் கிடைத்தாலும் பல பிள்ளைகள் அவரிடம் போக மாட்டார்கள். யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ ஹட்டனோ, ஊர் தெரிந்த ஆளாக இருப்பார். அப்பாவோடு படித்தவர், மாமியின் பக்கத்து வீட்டுக்காரர். வெள்ளவத்தை போர்டிங்கில் இரவு பேசியது விடியுமுன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் வீண்பயமன்று. பகிடிவதையும் பெரும்பாலும் சிங்கள மாணவரால்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் சீனியர்மார் தமிழ் ஜூனியர்மாருக்குச் செய்வதே நிறைய. இப்படியானால் பீடத்தைவிட்டு வெளியே போவதே நல்லது. 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தினுடையது, இருபத்துநான்கு மணித்தியாலமும் எடுப்பார்கள். 1333 கட்டணமின்றிப் பேசக்கூடிய நெருக்கடி உதவி இலக்கம். இரண்டிலும் தமிழில் பேசலாம். மனம் நொந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் சுமித்ரயோ அமைப்புக்கு, ஹோர்ட்டன் பிளேஸில், நேரிலும் போகலாம். இவை எதுவும் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை அனுப்பும் இடமல்ல.

இனி முறைப்பாட்டுப் பக்கம். 1997இல் பேராதனை பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு வந்தது கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அதன் வரைவிலக்கணத்தை ஒவ்வொரு புதுமுக மாணவரும் அறிந்திருக்க வேண்டும். உடலில் காயம் இருக்க வேண்டியதில்லை. மனவேதனையோ அச்சமோ ஏற்படுத்தும், ஏற்படுத்தக்கூடிய செயலும் பகிடிவதையே. தண்டனை இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை; பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. “கையே வைக்கவில்லையே” என்று ஒரு அதிகாரி சொன்னால், அது சட்டத்தின் முன் நிற்காத பேச்சு.

முறைப்பாடு பலமில்லாமல் போவது பெரும்பாலும் கடிதத்தினால்தான். “என்னை மிகவும் துன்புறுத்தினார்கள்” என்று எழுதினால் விசாரணைக்குழு எதைப் பிடித்துக்கொள்ளும்? திகதி, நேரம், இடம், செய்தவர் பெயர் அல்லது அடையாளம், சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் நின்றவர்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பந்தி. அசிங்கமான வார்த்தையை எழுதக் கூச்சமாயிருந்தாலும் அதையே எழுதுங்கள். ‘தகாத வார்த்தை’ என்று நாகரிகமாக்கினால் குற்றமும் சேர்ந்து இலேசாகிவிடும். கடைசியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: அறை மாற்றம், அவர் என்னைத் தொடர்புகொள்ளத் தடை, விசாரணை. துணைவேந்தருக்கு எழுதி, பீடாதிபதிக்கும் சிரேஷ்ட மாணவர் ஆலோசகருக்கும் பிரதி போடுங்கள். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால். ஆலோசகரிடம் வாய்மூலம் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு கோவையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை என்று அறிவதுதான் நாம் அதிகம் காணும் தோல்வி.

கைத்தொலைபேசி ஆதாரத்திலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டில் ‘கமல் அண்ணா’ என்ற பெயர் மட்டும் தெரிந்தால் போதாது; இலக்கமும் திகதியும் தெரிய எடுங்கள். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம். பேஸ்புக் பதிவானால் இணைப்பு முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் நீங்கள் திருப்பி எழுதியதையும் மறைக்காதீர்கள். மற்றவர் கொண்டுவந்து காட்டும்போது உங்கள் மீதிச் சொல்லும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பெயரில்லாக் கடிதம் போடுபவர் பலர். அதற்கு ஒரு பயன் உண்டு: அந்த விடுதியில், அந்த இடத்தில் காவல் கூடும். ஒருவரைத் தண்டிக்க அது உதவாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் யாராவது ஒருவர் பெயரோடு முன்வர வேண்டியிருக்கிறது. மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பகிடிவதை முறைப்பாட்டுக்கெனத் தனிப்பக்கம் உண்டு. பீடத்துக்குள் நம்பிக்கை இல்லாதவர் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் அங்கிருந்து அது பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள். பெயரோடு முன்வந்தவரை ‘அலயா’ (பகிடிவதைக்கு இணங்காதவரைக் குறிக்கும் கம்பஸ் வசைச்சொல்) என்று ஒதுக்குவதும், நோட்ஸ் கொடுக்காமல் விடுவதும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவதும் நடக்கும். இந்தப் பழிவாங்கலைத் தனிச் சம்பவமாகத் திகதியோடு இரண்டாம் கடிதத்தில் எழுதுங்கள். இதைத் தடுப்பதில்தான் சேவை மிகவும் பின்தங்கியிருக்கிறது.

பாகுபாடு என்று வரும்போது நிலைமை இன்னும் மோசம். பகிடிவதைக்குப் படிவம் இருக்கிறது. ‘கொட்டியா’ (சிங்களத்தில் ‘புலி’) என்று வகுப்பில் அழைப்பதற்கும், தோட்டத்துப் பிள்ளை என்று குழுவில் சேர்க்காமல் விடுவதற்கும், அபாயாவைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவதற்கும், சக்கர நாற்காலிக்காரருக்கு இரண்டாம் மாடியில் பரீட்சை வைப்பதற்கும் எந்த மேசை என்று கேட்டால் பதில் தடுமாறுகிறது. ஆலோசகர்கள் இதை ‘மனத்தாங்கல்’ என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றைச் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அரச பல்கலைக்கழக நிருவாகம் செய்தாலோ, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டாலோ உயர் நீதிமன்றம் வரை போகலாம். அதற்குக் காலக்கெடு ஒரேயொரு மாதம். உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இந்த மாதத்தைத் தவறவிட்டவர் அநேகர். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. இலக்கம் 1996. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். தனியார் கம்பஸ் மாணவருக்கு இந்தப் பாதை பொதுவாகத் திறக்காது. அங்கே சேருமுன்பே முறைப்பாட்டு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொந்தரவு செய்பவர் விரிவுரையாளர் என்றால் அதே பீடத்து ஆலோசகரிடம் தொடங்காதீர்கள். பால்நிலைச் சமத்துவ நிலையம், அல்லது நேரே துணைவேந்தர். ஊழியர்மீதான நடவடிக்கை ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், முறையான விசாரணை என்று மெதுவாக நகரும். சில சமயம் நீங்கள் பட்டம் பெற்றுப் போன பிறகும் நீளும். ஆகவே முதற் கடிதத்திலேயே மேற்பார்வையாளரை மாற்றவும், விடைத்தாளை வேறொருவர் திருத்தவும் கேளுங்கள். இவை விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியவையல்ல. புள்ளிக்கோ ஒப்பத்துக்கோ பாலியல் இணக்கம் கேட்டால் அது இலஞ்சமும்கூட: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ்ப் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டு வரை சிறையுண்டு. அதற்குப் பொலிஸில் தனியாக முறையிட வேண்டும்.

அடிபட்டாலோ பாலியல் வன்முறை நடந்தாலோ ஆலோசகருக்காகக் காத்திருக்கக் கூடாது. அரச ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி நடந்தது என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ‘படியில் விழுந்தேன்’ என்று பதிந்துவிட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் அந்தப் பதிவோடு முரண்படும். உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கித் தடயம் கெடும். அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ இயங்குகிறது. வன்முறைக்கு ஆளானவருக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஒன்றைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். உளவளத்துணையாளரின் கடிதம் மருத்துவச் சான்றிதழ் ஆகாது. பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாமல் பரீட்சை எழுத முடியாது; தவறிய பரீட்சைக்கும் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி ஏற்ற சான்றிதழை அந்தப் பீடம் குறித்த நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே ஆலோசனைக்குப் போகத் தொடங்கும் வாரத்திலேயே மருத்துவ நிலையத்திலும் ஒருமுறை காட்டிப் பதிந்துவிடுங்கள். காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. நித்திரையின்மை, பதற்றம் என்று உள்ளதைச் சொன்னால் போதும். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் உளவளத்துணையாளரிடம் நேரம் கிடைப்பது மிகவும் கடினம். தவணை நடுவில் கேட்டால் விரைவாகக் கிடைக்கும்.