பழைய ஈயக்கண்ணாடிக் கருவிகள்: எது மேசைக்கு, எது அலமாரிக்கு

வண்ணக்கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் இணைத்து ஜன்னல் செய்யும் விக்டோரியா காலத்துக் கருவிகள் இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தைகளில் இன்றும் கிடைக்கின்றன. அழகுக்காக வாங்குபவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் வேலைமேசையில் வைத்து வெட்டவும் உருட்டவும் பற்றவைக்கவும் செய்யும்போது எது தாங்குகிறது, எது காலை வாருகிறது என்பதே இங்கே பேச்சு.

முதலில் வைரக் கட்டர். மரப்பிடி, பித்தளைத் தலை, அதன் நுனியில் ஒரு சிறு வைரக்கல். கல்லின் இயற்கையான விளிம்புதான் கண்ணாடியைப் பிளக்கிறது, அதனால் அது வேலை செய்வது ஒரே ஒரு சாய்வில் மட்டுமே. அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க 3 மி.மீ. சாதா ஜன்னல் கண்ணாடியில் பிடியை ஒவ்வொரு கோட்டுக்கும் துளி சாய்த்து, பத்துப் பன்னிரண்டு கோடு போட்டுப் பாருங்கள். சரியாகக் கடித்தால் மெல்லிய சீறல் ஒலி வரும், கோடு கண்ணுக்கு அரிதாகவே தெரியும். கரகரவென்று சத்தம் கேட்டு வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது வெட்டல்ல, சுரண்டல். அந்தக் கோட்டில் கண்ணாடி ஒழுங்காக உடையாது. அதே கோட்டின்மேல் இரண்டாம் முறை ஓட்டவே கூடாது. விளிம்பு சில்லாகப் பெயரும், கல்லும் கெடும். நேர்கோட்டுக்கு இது அருமை. வளைவுக்கு எடுத்தால் சாய்வு தவறிக்கொண்டே இருக்கும். கல் மழுங்கியிருந்தால் வீட்டில் தீட்ட வழியில்லை, ஆகவே வெட்டிக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

எஃகுச் சக்கரக் கட்டர்கள் அமெரிக்காவில் 1869-இல் சாமுவேல் மான்ஸ் பெற்ற காப்புரிமையோடு பரவத் தொடங்கியவை. பழைய சக்கரங்களில் அச்சு தேய்ந்து சக்கரம் ஆடும். ஒரு கோட்டுக்குப் பதில் இரட்டைத் தடம் விழும், நடுநடுவே விட்டுவிட்டுப் போகும், உடைக்கும்போது அந்த இடைவெளியில் கண்ணாடி வழிமாறிப் போய்விடும். இவை அலமாரிக்கு. வளைவுக்கு இன்றைய கார்பைடு சக்கரமே போதும்.

விளிம்பைக் கடித்துச் சீராக்கும் இடுக்கிதான் வாங்கியதில் முழுத் திருப்தி தருவது. பழையவற்றின் வாய் கடினப்படுத்தாத மென்மையான இரும்பு. அது கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். கடினமான புது வாய் வழுக்கிச் சில்லு எடுக்கும். வாயில் துரு இருந்தால் எஃகுக் கம்பளியால் தேய்த்தாலே சரி, அரம் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம்.

ஈயப்பட்டை உருட்டும் மில்லைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏமாறுவது இங்கேதான். வார்ப்பிரும்புச் சட்டம், பல்வெட்டிய இரண்டு சக்கரம், இருபுறமும் கன்னத்தகடு, ஒரு கைப்பிடி. அச்சில் வார்த்த ஈயக்கம்பியை உள்ளே செலுத்தினால் ‘எச்’ (H) வடிவப் பட்டை வெளியே வரும்: நடுக்கோடு நடுத்தண்டு, இருபுறக் கோடுகள் கண்ணாடி விளிம்பைப் பிடிக்கும் இதழ்கள். கன்னத்தகடு ஒன்று குறைந்தாலும் மில் வெறும் இரும்புக்கட்டி. பட்டை ஒரு பக்கமாகச் சுருண்டு வந்தால் இரண்டு சக்கரமும் நேர்கோட்டில் இல்லை. இதழ் கிழிந்து வந்தால் கன்னத்தில் பிசிறு இருக்கிறது. இரண்டையும் சரிசெய்யலாம். சக்கரத்தின் தேய்ந்த அச்சுதான் பெரிய தொல்லை, அது பட்டையின் நடுத்தண்டைத் தடிமனாக்கிவிடும். 1.5 மி.மீ. வர வேண்டியது 2 மி.மீ. ஆனால், பத்துத் துண்டு வரிசையில் ஒன்பது நடுத்தண்டு, மொத்தம் 4.5 மி.மீ. கூடுதல். கண்ணாடியெல்லாம் சரியாக வெட்டியும் பலகம் சட்டத்துக்குள் போகாது. வாங்குமுன் ஒரு முழம் உருட்டி, நடுத்தண்டை மூன்று இடத்தில் அளவுமானியால் அளந்து பாருங்கள்.

இந்தச் சக்கரங்களால் ஒரு சுவாரசியமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கண்ணாடிக்காரர்கள் சிலர் சக்கர விளிம்பில் பெயரும் ஆண்டும் செதுக்கிவைத்தார்கள். பழைய ஜன்னலைப் பிரிக்கும்போது பட்டையின் உட்புறத்தில், நடுத்தண்டின்மேல், அந்த எழுத்து புடைத்துத் தெரியலாம். பல்தடம் இல்லாமல் வழவழவென்றிருந்தால் அது மில்லில் உருட்டியதல்ல, அச்சில் வார்த்ததோடு விட்டது. ஆகவே பழைய ஈயத்தை உருக்கப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஈயக் கத்தியில் குறை சொல்ல அதிகமில்லை. பழைய கார்பன் எஃகு எண்ணெய்க்கல்லில் சீக்கிரம் கூர்மை ஏறும். அறுக்கக் கூடாது, பட்டையின்மேல் வைத்து இடவலமாக ஆட்டி ஆட்டி அமுக்க வேண்டும். இதழ் நசுங்கினால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். பிடியின் அடியில் ஈயம் வார்த்த வகை கிடைத்தால் விடாதீர்கள்: துண்டுகள் நகராமல் மேசையில் நிறுத்தும் லாட ஆணியை அடிக்கத் தனிச் சுத்தியல் தேவையில்லை. நசுங்கிய இதழை நிமிர்த்த எலும்பிலோ கெட்டி மரத்திலோ செய்த பழைய லேதகின் போதும். அது விரிசல் விட்டிருந்தாலும் கவலையில்லை, மணல்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

நெருப்பில் காய்ச்சும் செப்புத்தலை சால்டரிங் இரும்பு கடைசி. இணைப்புகளைப் பற்றவைக்கும் 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) சுமார் 190 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகும், ஈயப்பட்டை 327-இல். இடையில் இருப்பது 137 டிகிரிதான். இந்த இரும்பில் வெப்பத்தைக் கட்டுப்படுத்த எதுவுமில்லை, எனவே முதல் தொடலை எப்போதும் கழிவுப் பட்டையில் செய்யுங்கள். பட்டை குழிந்தால் சற்று ஆறவிடுங்கள். தலையை நவச்சாரக் கட்டியில் தேய்த்து, உடனே சால்டர் பூசினால் வெள்ளிபோல் மின்னும். கருத்துப்போன தலை வெப்பத்தைக் கடத்தாது, சால்டர் முத்துமுத்தாக உருண்டோடும். நவச்சாரப் புகை மூக்கைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சின்ன வேலைக்கு இது இனிமை. இருநூறு இணைப்பு இருக்கும் பலகத்துக்கு மின்சார இரும்பை எடுப்பதே புத்தி.

எந்தக் கருவியை வாங்கினாலும் முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். இடுக்குகளில் படிந்திருக்கும் சாம்பல்வெள்ளைத் தூள் பெரும்பாலும் ஈயத்தின் துரு. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் அது நேராக மூச்சில் ஏறும்.