ஹெரால்டுக்கு என்ன நிறம்: வெள்ளையா, மெட்டாலிக் மெரூனா, பழைய நீலமா?

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவரிடம் இஞ்சினைப் பற்றிக் கேட்டால் பதில் டக்கென்று வரும். கலர் என்ன என்று கேட்டால் வீட்டுக்குள் சண்டை வரும். எங்கள் வீட்டில் வந்தது. வண்டி, மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1960-களில் தயாரித்த ஹெரால்டு, இரண்டு கதவு. வாங்கும்போது மெட்டாலிக் மெரூன் அடித்திருந்தது. அதையே திரும்ப அடிக்கலாம் என்றான் மகன். வெள்ளைதான் அடக்கமாக இருக்கும் என்றாள் மனைவி. நான் ஆலையில் அடித்த இளநீலத்துக்குத் திரும்ப வேண்டும் என்றேன். கடைசியில் நீலம்தான் அடித்தோம், அதனால் இந்த அலசலில் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள்.

வெள்ளையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வெயிலில் சூடு குறைவு, டிங்கரிங் செய்த மேடு பள்ளம் கண்ணில் அவ்வளவாகப் படாது, எந்த ஊரிலும் பெயின்ட் கிடைக்கும். ஆனால் அம்பாசடர் காலத்திலிருந்தே நம் ஊரில் வெள்ளைக் கார் என்றால் சர்க்கார் கார். என் மைத்துனரின் வெள்ளை அம்பாசடர் கல்யாண மண்டப வாசலில் நின்றால், எந்த டிபார்ட்மென்ட் என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். ஹெரால்டை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பின்பக்கம் கூர்மையாக எழும் அந்த விளிம்புகள் உச்சி வெயிலில் வெள்ளைக்குள் கரைந்துபோகும் என்பது என் எண்ணம். நானே வெள்ளைக் கார் வைத்திருந்ததில்லை, அதனால் இதற்கு மேல் பேசவில்லை.

இரட்டை நிறமும் பேச்சில் வந்தது. பார்க்க அழகு. ஒரு கீறலுக்கு இரண்டு பெயின்ட் கலக்க வேண்டிவரும் என்றதும் அந்தப் பேச்சு அடங்கியது.

மெட்டாலிக்கை அப்படி ஒதுக்க முடியாது. மாலை வெயிலில் அந்த மெரூன் மின்னியதை நானும் ரசித்தேன், மறைக்கவில்லை. இரண்டு வருடம் அதோடுதான் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் சந்தில் திரும்பும்போது ஒரு மாட்டுவண்டி நுகத்தடி இடது கதவில் உரசியது. ஒரு விரல் நீளக் கீறல். பட்டறையில் கதவை மட்டும் கழற்றி, தனியே அடித்து, மாட்டிக் கொடுத்தார்கள். நேராக நின்று பார்த்தால் சரியாக இருந்தது. நாலடி தள்ளி பின்சக்கரத்தின் பக்கம் நின்று பார்த்தால் கதவு மட்டும் ஒரு சாயல் கறுப்பு. திரும்ப அடித்தார்கள், இந்தமுறை ஒரு சாயல் வெளுப்பு.

பட்டறையை மட்டும் குறை சொல்ல முடியாது. மெட்டாலிக்கில் மின்னுவது அலுமினியத் துகள். பெயின்ட் காயும்போது அது எந்தச் சாய்வில் படிகிறதோ, அதைப் பொறுத்து வெளிச்சம் திரும்பும். ஸ்ப்ரே துப்பாக்கியின் காற்றழுத்தம், கை நிற்கும் தூரம், தின்னர் கலந்த அளவு, எது மாறினாலும் சாயல் மாறும். டப்பா ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் கதை. அதனால் ஒரு பேனலை, அதாவது கதவு, மட்கார்டு மாதிரி ஒரு பாகத்தை, தனியே அடிக்காமல், பக்கத்துப் பேனல் வரை நிறத்தை மங்கலாக இழுத்துக்கொண்டு போய், மேலே க்ளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சை முழுப் பேனலுக்கும் அடிக்க வேண்டும். ஒரு விரல் கீறலுக்கு பாதி வண்டி வேலை.

ஹெரால்டில் இது இன்னும் மோசம். இதற்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியது. துருப்பிடித்த பாகத்தை இன்று கழற்றுவோம், அடுத்த மாதம் இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே அடித்து மாட்டுவதுதான் இந்த வண்டிக்கு வசதி. மின்னும் துகள் இல்லாத சாலிட் நிறத்தில் அது நடக்கும். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் அடித்து, ஓரத்தை ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் தெரியாது. என் முடிவை முடிவு செய்தது இதுதான், பழமைப் பற்று எல்லாம் அப்புறம்.

இன்னொன்று பானெட். இந்த வண்டியில் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் உள்பக்கம், இஞ்சின் அறை, டயர் வரை எல்லாம் வெட்டவெளி. முன்பு அடித்தவர் வெளியே மட்டும் மெரூன் அடித்திருந்தார். திறந்தால் உள்ளே நீலம் சிரித்தது. வேறு நிறத்துக்குப் போவதென்றால் வயரிங், இஞ்சின் எல்லாம் இறக்கி உள்ளேயும் அடிக்க வேண்டும்.

அந்த நீலத்தைத் தேடியதுதான் சுவாரசியம். கதவுக்குக் கீழே ஓரிடத்தில் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தோம். வெங்காயம் மாதிரி வளையங்கள்: மெரூன், க்ரீம், சாம்பல் ப்ரைமர், இளநீலம், கடைசியில் செங்காவி ப்ரைமர், நடுவில் தகரம். ஆனால் இஞ்சின் சூடு பட்ட இடத்து நீலம் பழுத்துப் பச்சை தட்டியிருந்தது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, வெயிலே படாத இடத்து நீலத்தைக் கம்ப்யூட்டரில் நிறம் பொருத்திப் பார்க்கக் கொடுத்தோம். அதிலும் முதல் சாம்பிள் கொஞ்சம் அடர்த்தி, மூன்றாவதுதான் ஒத்துப்போனது.

ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கும். மாற்றினால் அதையும் திருத்த ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். என் புத்தகத்தில் நீலம் என்றே இருந்ததால் அந்த அலைச்சல் மிச்சம். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி சேஸிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். நான் இன்னும் அதற்குப் போகவில்லை. ஆலை நிறம் இருந்தால் விலை கூடும் என்கிறார்கள். விற்றுப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்து மூன்று வருடம்தான் ஆகிறது, வண்டியும் ஷெட்டுக்குள் நிற்கிறது. பத்து வருட வெயிலில் நின்ற வண்டியைப் பற்றி நான் பேசக் கூடாது.

போன தையில் கோயில் வாசலில் ஒரு சைக்கிள் ஹேண்டில்பார் வலது மட்கார்டில் இழுத்துவிட்டது. பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலக்காமல் எடுத்து வைத்த மிச்ச நீலம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. பெயின்ட்டர் அண்ணன் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்தார். எந்த இடம் என்று மகனைக் கேட்டேன். இரண்டு தடவை சுற்றி வந்து, தவறான இடத்தைக் காட்டினான். ஆனாலும் அவன் மெரூன் கட்சிதான்.