ஜூனியர் கிராண்ட் பிரீ யூடியூப் நேரலை: ஸ்கேட்டிங் பழகும் பிள்ளையின் தாய் எழுதும் மதிப்புரை

பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கியும் தாவியும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், பன்னாட்டு ஸ்கேட்டிங் ஒன்றியம் இளையோருக்காக நடத்தும் ஜூனியர் கிராண்ட் பிரீ போட்டிகளை யூடியூபில் கட்டணமின்றி நேரலையாகப் பார்க்கலாம் என்பதை, லாஸ்பேட்டையில் என் மகளுடன் ரோலர் ஸ்கேட்டிங் பழகும் ஒரு சிறுவனின் தாயார் சொல்லித்தான் அறிந்தேன். தொடரின் ஒரு சுற்று பாங்காக்கில் நடந்துகொண்டிருந்த 2023 ஆகஸ்டு அது. நம்மைப் போலவே வெக்கையில் வாழும் ஓர் ஊரில் பனித்தளம் அமைத்துப் பன்னாட்டுப் போட்டி நடத்துகிறார்களே என்ற வியப்போடு பார்க்கத் தொடங்கிய நான், அதன் பிறகு தொடர்ந்து பார்த்துவருகிறேன். பனித்தளம் இல்லாத புதுச்சேரியில் இருந்துகொண்டு, இந்த விளையாட்டில் வளர்ந்து வருகிறவர்களை அறிந்துகொள்ள இந்த நேரலை எவ்வளவு உதவும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொடர் 1997-98 பருவத்தில் தொடங்கியது. பெரும்பாலும் ஆகஸ்டு பிற்பகுதியில் ஆரம்பித்து அக்டோபர் வரை வாரம் ஒரு நாட்டில் நடக்கும். புள்ளிகளில் முதல் ஆறு இடங்களைப் பிடிப்பவர்கள் டிசம்பர் மாத இறுதிப் போட்டிக்குச் செல்வார்கள். நேரலையின் முதன்மையான சிறப்பு, முதலில் ஆடுபவர் முதல் கடைசியில் ஆடுபவர் வரை எவரையும் வெட்டாமல் காட்டுவதுதான். தொகுப்புக் காட்சிகளில் பதக்கம் பெற்ற மூவரை மட்டுமே காண முடியும். இங்கோ, பதினைந்தாம் இடத்தில் முடிக்கும் ஒரு சிறுமியின் சறுக்கு எத்தனை ஆழமாகவும் ஓசையில்லாமலும் இருக்கிறது என்பதைப் பார்த்து, இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் எங்கே நிற்பாள் என்று நாமே கணிக்க முடிகிறது. பதிவுகளும் அப்படியே கிடைக்கின்றன.

திரையின் மூலையில் ஓடும் மதிப்பெண் பெட்டியைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். முதல் நாளன்று என் மகள், "அம்மா, அந்த அக்கா விழவே இல்லையே, அப்புறம் ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று கேட்டபோது என்னிடம் விடை இல்லை. தாவலில் சுற்று முழுமையடையாமல் இறங்கினால், நின்று காட்டினாலும் புள்ளி குறையும் என்பது பிறகுதான் புரிந்தது. டோ லூப் என்னும் தாவலை மூன்று சுற்றில் செய்தால் அடிப்படைப் புள்ளி 4.20; மூன்றரைச் சுற்றாகிய டிரிபிள் ஆக்சலுக்கு 8.00, நான்கு சுற்று டோ லூப்புக்கு 9.50. இவற்றின் மேல் நடுவர்கள் செயல்தரத்துக்காகக் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை தருகிறார்கள். வளரும் வீரரை எடைபோட விரும்புபவர்கள் தாவலின் உயரத்தைவிட, லட்ஸ் என்னும் தாவலுக்குப் புறப்படும்போது காலணிக் கத்தியின் வெளிவிளிம்பு கடைசி நொடி வரை நிலைக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். உயரம் கூடி உடலின் அச்சு மாறும் வயதில், தவறான விளிம்பில் பழகியவர்கள்தான் முதலில் தடுமாறுகிறார்கள்.

பழைய பதிவுகளுக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைக்கலாம். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த சுற்றில், அந்நாட்டின் அலிசா லியு தம் 14 வயதில் டிரிபிள் ஆக்சலையும் நான்கு சுற்று லட்ஸையும் ஒரே நிகழ்ச்சியில் நிறைவேற்றினார். பெண்களில் அதற்கு முன் எவரும் செய்யாத செயல் அது. அவரே 2022-இல், 16 வயதில், ஓய்வு அறிவித்தார். பிறகு திரும்பி வந்து 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகப் பட்டம் வென்றபோது, அவருடைய நிகழ்ச்சியில் அந்த இரண்டு தாவல்களுமே இல்லை. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், சிறுவயதுத் தாவல்களை மட்டும் வைத்து ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்வது எத்தனை அவசரமானது என்பது விளங்கும். மறுபுறம் அமெரிக்காவின் இலியா மலினின்: 2021-இல் இத்தொடரில் ஆடியவர், 2022-இல் உலக ஜூனியர் பட்டம் வென்று, அதே ஆண்டு செப்டம்பரில் நாலரைச் சுற்று ஆக்சலைப் போட்டியில் முதன்முதலாக இறக்கினார், 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் அவருக்கே.

எனினும் நான் மிகுதியாகப் பார்த்தது ஜப்பானின் மாவோ ஷிமாடாவைத்தான். 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக ஜூனியர் பட்டம் வென்ற முதல் பெண் இவர். டிரிபிள் ஆக்சலும் நான்கு சுற்று டோ லூப்பும் கைவசம் இருந்தும் 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடும் வயதுத் தகுதி இவருக்கு இல்லாமற்போனது. 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடிய ஒன்றியப் பேரவை, சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17-ஆக உயர்த்தியது. பருவம் தொடங்கும் ஜூலை 1-க்கு முன் அந்த வயது நிறைந்திருக்க வேண்டும். ஷிமாடா பிறந்தது 2008 அக்டோபர் 30. ஜூனியர் உலகப் போட்டிகளில் அவருக்கு அடுத்து வெள்ளி வென்ற கொரியாவின் ஷின் ஜியா பிறந்தது அதே ஆண்டு மார்ச்சில் என்பதால், ஏழு மாத இடைவெளி ஒருவருக்குக் கதவைத் திறந்து மற்றவருக்கு அடைத்தது. ஆயினும், குழந்தைகளின் உடலைக் காக்கும் இந்த விதியை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். 2030 ஒலிம்பிக்கின்போது ஷிமாடாவுக்கு 21 வயது இருக்கும். தாவல்களோடு சறுக்கின் நேர்த்தியும் அவரிடம் இருப்பதால், அதுவரை அவர் தாக்குப்பிடிப்பார் என்றே நம்புகிறேன்.

ஆண்களில் 2024 உலக ஜூனியர் பட்டத்தை வென்ற கொரியாவின் சோ மின்கியுவையும், அடுத்த ஆண்டு வென்ற ஜப்பானின் ரியோ நகாட்டாவையும் பாருங்கள். இவர்களில் நகாட்டாவின் நடனமே எனக்கு நெருக்கமானது.

வர்ணனை ஆங்கிலத்தில்தான். பல ஆண்டுகள் இத்தொடருக்குக் குரல் கொடுத்த கனடாவின் டெட் பார்ட்டன், தவறி விழுந்த பிள்ளையையும் மரியாதையோடு பேசி, எங்கே பிசகியது என்பதை மறுகாட்சியில் பொறுமையாக விளக்குவார். அந்தப் பதிவுகளே ஒரு நல்ல வகுப்பு. ஆங்கிலம் வேகமாகப் புரியாதவர்கள், போட்டி முடிந்ததும் ஒன்றியம் வெளியிடும் மதிப்பெண் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவைப் பார்க்கலாம். ஐரோப்பியச் சுற்றுகளின் மாலை ஆட்டங்கள் நமக்கு இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் வருவதால், பள்ளி நாள்களில் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம். மறுநாள் பதிவே போதும்.

ரோலர் ஸ்கேட்டிங்கில், தாவலும் நடனமும் கொண்ட ஆர்ட்டிஸ்டிக் பிரிவு பழகும் பிள்ளைகளுக்கு இது நேரடியாகவே பயன்படுகிறது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா இரண்டு வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான். ஆக்சல், சல்கோ, லட்ஸ் போன்ற தாவல்கள் எல்லாம் பனியிலும் ரோலரிலும் ஒன்றே. டோ லூப்பை மட்டும் ரோலரில் பலர் மேப்ஸ் என்பார்கள். ஆனால் சக்கரக் காலணி கனமானது, சிமெண்டுத் தளம் பனியைப் போல் சறுக்கித் தராது; ஆகவே பயிற்சியாளரிடம் கேட்காமல் திரையில் கண்டதைப் பிள்ளைகள் முயன்று பார்க்க விடக் கூடாது.

என் மகள் ஷிமாடாவின் ஆக்சல் புறப்பாட்டை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு, இடது முழங்கால் எப்போது மடிகிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். அவளுடைய ஒற்றை ஆக்சல் இன்னும் கால் சுற்று குறைவாகத்தான் இறங்குகிறது. முன்பெல்லாம் விழாமல் நின்றாலே கைதட்டச் சொல்வாள். இப்போது இறங்கியதும் என்னைப் பார்க்காமல், குனிந்து தளத்தில் தன் சக்கரம் பதித்த தடத்தைப் பார்க்கிறாள்.