பாதியா அறுத்த நீல டிரம்முல சீமை அத்தி: மூணு வருசம் வளத்துப் பாத்து சொல்லுதேன்

போன ஆடில அடிச்ச காத்துல பக்கத்து வீட்டு மைனி வச்சிருந்த ரெண்டு க்ரோ பேக்கும் (மண்ணு ரொப்பி செடி வைக்குற பை) மரத்தோட சாஞ்சு கெடந்துச்சு, இங்க நம்ம தட்டட்டில நின்ன டிரம் ஒரு இஞ்ச் கூட நகரல. அன்னைக்கே இத எழுதணும்னு நெனச்சேன், செங்கோட்டை கணவாய் வழியா வார காத்து பாளையங்கோட்டை மாடில என்ன பாடு படுத்தும்னு இங்க இருக்கவங்களுக்குத் தெரியும்.

நான் சொல்லுதது 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம், நடுவுல அறுத்து ரெண்டு தொட்டி. ஒரு பாதி கிட்டத்தட்ட 2 அடி அகலம், ஒன்றரை அடி ஒசரம், 100 லிட்டர் மண்ணு புடிக்கும். ஜங்ஷன் பக்கம் பழைய டிரம் விக்குற கடையில முழுசு 1100 ரூவா, அறுத்துக் குடுக்க 50. அடிப்பாகம் அகலமா இருக்கதாலயும் மண்ணு கனத்தாலயும்தான் காத்துக்கு அசையாம நிக்கி. அத்தி இலை நம்ம கைய விரிச்ச மாதிரி பெருசு பாத்துக்கோங்க, காத்து அப்படியே புடிச்சு சாய்ச்சிரும்.

இதுக்கு முன்னால நானும் 18 இஞ்ச் கருப்பு க்ரோ பேக்லதான் வச்சிருந்தேன். சித்திரை வெயில்ல மத்தியானம் அந்தப் பையில கை வைக்க முடியாது, காலைல ஒரு வாளி தண்ணி ஊத்துனாலும் ரெண்டு மணிக்கு இலை தொங்கிரும், ஓரத்து வேரெல்லாம் வெந்து கருகிப் போச்சு, ரெண்டாவது வருசம் தையல் பிரிஞ்சு மண்ணு கொட்டிருச்சு. டிரம்மும் சூடாகத்தான் செய்யும், இல்லன்னு சொல்லல, மேற்குப் பக்கம் ஒரு சாக்க சுத்திக் கட்டிருவேன், அது போதும்.

வாங்கும்போது ஒண்ணு கண்டிப்பா பாருங்க. மொத தடவ போனப்ப "அண்ணாச்சி, இதுல முன்ன என்னத்த வச்சிருந்தாவ"ன்னு கேட்டேன், "சோப்பு ஆயில்தான் தம்பி, ஒண்ணும் செய்யாது"ன்னு சொன்னாவ. மூணு வாட்டி கழுவியும் வெயில் ஏறுனா மூக்க அடைக்குற ஒரு மருந்து வாடை வந்துச்சு, திங்குற பழத்துக்கு அதுல மண்ணு போட மனசு வரல, திருப்பிக் குடுத்துட்டேன், பணத்துல பாதிதான் கெடைச்சுது. அதுல எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இப்பல்லாம் லேபிள் கிழியாம இருக்கதா பாத்து, மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டுதான் எடுக்கேன்.

மேல் பாதியக் கவுத்து வச்சா மூடி போடுத ரெண்டு ஓட்டையும் அடியில வந்துரும், தண்ணி வடிய அதுவே வழி, உள்ள ஓட்டாஞ்சில்லு வச்சா மண்ணு போவாது. கீழ் பாதிக்கு நாமதான் டிரில் போடணும். மொத வருசம் நான் அடியில மட்டும் ஓட்டை போட்டு தரையில அப்படியே வச்சுட்டேன், ஐப்பசி மழைல ஓட்டை எல்லாம் தளத்தோட ஒட்டி அடைச்சுக்கிட்டு உள்ள சேறா நின்னு இலை மஞ்சளாகி உதுந்துச்சு. அப்புறம் மூணு செங்கல் மேல ஏத்தி, அடியில இருந்து ஒரு இஞ்ச் மேல பக்கவாட்டுலயும் சுத்தி ஓட்டை போட்டேன், அதுக்கு அப்புறம் எந்த மழைக்கும் தண்ணி நிக்கல. அறுத்த விளிம்பு கைய கீறும், பழைய தண்ணி ஓஸ நீளமா கிழிச்சு மேல மாட்டி விட்டுருங்க.

கனம் பெரிய கொறைதான், நனைஞ்ச மண்ணோட 150 கிலோ பக்கம் வரும். கொத்தனார்கிட்ட கேட்டு பீம் ஓடுற எடத்துல சுவர ஒட்டி வச்சேன், தளத்துக்கு நடுவுல வைக்காதீங்க.

செடி விசயத்துலயும் ஏமாந்துருக்கேன். ஒரு நர்சரில சீமை அத்தின்னு குடுத்தது வளந்தப்புறம் பாத்தா தாமிரபரணி கரையில நிக்குமே அந்த நாட்டு அத்தி. இலையத் தடவிப் பாருங்க, சீமை அத்தி இலை விரல் விரலா பிரிஞ்சு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், நாட்டு அத்தி இலை பிரியாம நீள்வட்டமா வழவழன்னு இருக்கும். இப்ப நிக்குறது சீமை அத்தில பூனா ரகம். புனே பக்கம் புரந்தர் அத்திக்கு 2016ல புவிசார் குறியீடு கெடைச்சுது, அதுவும் மழை கொறஞ்ச காஞ்ச ஊருதான், அதான் நம்ம வெயிலுக்கும் ஒத்து வருதுன்னு நெனைக்கேன். இந்த ரகத்துக்கு பூச்சி வந்து மகரந்தம் சேக்கணும்னு கெடையாது, ஒத்த மரமே காய்க்கும்.

மார்கழி கடைசில கெளைய வெட்டி விட்டா புதுத் தளிர்ல இலைக்கு ஒண்ணா பிஞ்சு வைக்கும். வெட்டும்போது வார பால் கைல பட்டா அரிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. மழைக்காலத்துல இலைக்கு அடியில துரு மாதிரி பொடி படியும், உதுந்த இலைய அன்னன்னைக்கே பொறுக்கிருவேன்.

பழம் பழுக்குறத பாக்கணும் நீங்க. நிமுந்து நின்ன காய் காம்போட தொய்ஞ்சு கீழ தொங்கும், தோல்ல வெள்ள வெள்ளையா மெல்லிசா கீறல் விழும், அடிக் கண்ணுல தேன் மாதிரி ஒரு சொட்டு நிக்கும். அதுக்கு முன்ன பறிச்சா வீட்டுல வச்சு பழுக்காது, ஒரு நாள் தள்ளுனா கொண்டைக்குருவி கொத்திரும், அதனால விடியுறதுக்குள்ள போயிருவேன். கடையில காஞ்சதத் தின்னவங்களுக்கு இந்த ருசி புதுசா இருக்கும், எங்க ஆச்சி பல்லு இல்லாம தோலோட தின்னுதாவ.

டிரம்மோட பெரிய லாபம் இந்த வருசம்தான் தெரிஞ்சுது. மூணு வருசத்துல வேரு சுவர சுத்தி வடக்கயிறு மாதிரி ஓடிருச்சு, வெட்டி மண்ணு மாத்தணும். வயிறு பெருத்து வாய் குறுகுன சிமெண்ட் தொட்டின்னா ஒடைக்காம மரம் வெளிய வராது. டிரம் சுவரு நேரா வழுவழுன்னு இருக்கதால படுக்க வச்சு ரெண்டு பேரு இழுத்ததும் மண்ணோட முழுசா உருவிட்டு வந்துச்சு. ஓரத்து வேர சுத்தி மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு, செம்மண்ணு, மணலு, மக்குன சாணி, வேப்பம்புண்ணாக்கு போட்டு திரும்ப வச்சேன், இருவது நாள்ல தளிர் விட்டுருச்சு.

5க்கு 4 குடுப்பேன், ஒரு மார்க்கு அந்தக் கனத்துக்கும் வாடைக்கும். வாங்கப் போறவங்க காலைலயே போங்க, அறுக்குற ஆளு மத்தியானத்துக்கு மேல இருக்க மாட்டாரு.