ஆத்து மண்ணுலயே கரை கட்டலாமா? சாக்கு, டியூப், களி, கல்லு: எது எங்க செட் ஆகும்

கொள்ளிடத்துல தண்ணி ஏறும்போதெல்லாம் டீக்கடையில ஒரே பேச்சுதான், ஆத்துக்குள்ள இவ்ளோ மணல் மேடு தட்டிக் கெடக்கே, அதையே அள்ளிப் போட்டு கரைய ஒசத்துனா என்னன்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா சும்மா மணல கொட்டி வச்சா முதல் வெள்ளத்துக்கே கரைஞ்சு போயிடும், மணலுக்குப் பிடிப்பே கெடையாது, மேல ஒரு தோல் வேணும். எந்தத் தோல்ங்கறதுலதான் சண்டையே.

முதல்ல நம்ம சாக்கு மூட்டை. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணையில கொள்ளிடம் பக்கம் 9 ஷட்டர் அடிச்சிட்டுப் போனப்ப இதத்தான் அடுக்குனாங்க, கூடவே பாறாங்கல்லும் கொட்டுனாங்க. அவசரத்துக்கு இத மிஞ்ச ஒண்ணும் இல்ல, யூரியா சாக்கு, மம்முட்டி, சவுக்குக் கம்பு, நாலு ஆளு இருந்தா போதும். முழுசா ரொப்பி இறுக்கிக் கட்டுனா உருண்டையா நின்னு மூட்டைக்கு நடுவுல தண்ணி பூந்துடும், அரைக்கு மேல கொஞ்சம் ரொப்புனாதான் தட்டையா படுக்கும். ஆனா வெயில் தாங்காது. எங்க வாய்க்கா உடைப்புல போட்ட மூட்டைய மறு வருசம் தொட்டுப் பாத்தேன், சாக்கு அப்பளமா நொறுங்குது, மணல் மட்டும் மூட்டை ஷேப்புலயே நிக்குது!

அதோட பெரிய அண்ணன்தான் ஜியோ பேக்கும் ஜியோ டியூப்பும். தண்ணிய விட்டுட்டு மணல மட்டும் பிடிச்சு வைக்கிற கெட்டித் துணி, பையா தச்சா பேக், நீளக் குழாயா தச்சா டியூப். டியூப்புக்குள்ள ஆத்து மணலையும் தண்ணியையும் கலந்து பம்ப்ல ஏத்துனா தண்ணி வடிஞ்சு டியூப் பாறை மாதிரி ஆயிடும். அசாம்ல மட்மோராவுல பிரம்மபுத்திரா கரைக்கு இப்பிடித்தான் போட்டாங்க, ஒடிசாவுல பெந்தா கிராமத்துல 505 மீட்டருக்கு கடல் அரிப்பைத் தடுக்க போட்டிருக்காங்க, அது ஐஐடி மெட்ராஸ் டிசைன். வங்கதேசத்துல ஜமுனா ஆத்துல (டெல்லி யமுனா இல்ல, பிரம்மபுத்திராவுக்கு அங்க இருக்கற பேரு) சின்ன பைங்களா தண்ணிக்குள்ள கொட்டுறாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அடியில அரிக்க அரிக்க பை தானா உருண்டு அந்தப் பள்ளத்த மூடிக்கும். டியூப்புக்கு அந்த சாமர்த்தியம் கம்மி, ஒரு எடத்துல கிழிஞ்சா நீளத்துக்கும் காலி. ரெண்டுலயும் வெளிய தெரியிற துணிய வெயில் படாம மூடணும்.

ஆனா உங்க ஆத்துல இருக்கறது மணலா களியான்னு முதல்ல பாக்கணும். ஈரத்தோட ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில கயிறு மாதிரி உருட்டுங்க, உடையாம நீண்டுச்சுன்னா களி. அத டியூப்ல அடைச்சா தண்ணி லேசுல வடியாது. அதுக்கு வேற வழி இருக்கு. நெதர்லாந்துல டெல்ஃப்ஸைல் பக்கம் 2018ல ஆரம்பிச்சு துறைமுகச் சேத்த பாத்தி கட்டிக் காய வச்சு, உப்ப மழையில கழுவ விட்டு, கெளறிக் கெளறி ஒரு மூணு வருசத்துல கடல் தடுப்புக் கரைக்கு ஒத்துவர்ற களிமண்ணா மாத்துனாங்க. நம்மூர் குயவர் களிய புளிக்க வைக்கிறாப்புல. ஏரி வண்டலுக்கு இது செட் ஆகும், என்ன, அவ்ளோ நாள் எடத்த சும்மா போட்டு வைக்கணும்.

கருங்கல்லு? கெட்டிதான், ஆனா குவாரி தூரம்னா லாரி வாடகையே கொன்னுடும். அடியில வடிகட்ட ஜல்லியோ துணியோ போடாம அடுக்குனா இடுக்கு வழியா மண்ணு கசிஞ்சு கல்லு உள்ள இறங்கிடும், மேல பாக்க மட்டும் அழகா இருக்கும்.

என் ஓட்டு: ராத்திரி உடைப்புக்கு சாக்கு, ஆறு திரும்பி மோதுற எடத்துல தண்ணிக்கடியில ஜியோ பேக், வளைவு இல்லாத நேர் கரைக்கு களியும் மேல வெட்டிவேரும். கல்லு மதகு ஓரத்துக்கு மட்டும்.

ஒண்ணே ஒண்ணு, மணல நடு ஆத்து மேட்டுலேர்ந்துதான் எடுக்கணும். பக்கத்துலயே இருக்குன்னு கரை அடியிலயே பொக்லைன வச்சுத் தோண்டி அதையே மேல போடறத நானே பாத்திருக்கேன், அந்தக் குழியிலதான் அடுத்த வெள்ளம் முதல்ல நுழையும்.