மாணவர் அலுவலகத்தின் ஒரே பிரிண்டர்: கணினிப் பகிர்வா, வைஃபையா, கம்பியா?

ஊட்டியில் எங்கள் கல்லூரி மாணவர் அலுவலகத்தில் ஐந்து கணினிகளுக்கும் சேர்த்து ஒரே லேசர் பிரிண்டர்தான். உதவித்தொகை விண்ணப்பங்கள் முதல் விழா அழைப்பிதழ்கள் வரை எல்லாம் அதில்தான் அச்சாக வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம், பிரிண்டரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தும் கணினிகள் அதை 'ஆஃப்லைன்' என்றே காட்டின. அதனால் மூன்று விதமாக இணைத்துப் பார்த்தோம்.

முதலில், பிரிண்டரை யூஎஸ்பி கம்பியால் ஒரு கணினியில் செருகி, விண்டோஸ் வழியாக மற்றவற்றுக்குப் பகிர்ந்தோம். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. ஆனால் அந்தக் கணினி அணைந்தாலோ உறக்க நிலைக்குப் போனாலோ யாராலும் அச்செடுக்க முடியாது. எல்லாருடைய வேலையும் அதன் ஸ்பூலரில் (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் மென்பொருள்) வரிசையில் நிற்பதால், பழுதான கோப்பு ஒன்று மாட்டிக்கொண்டால் பின்னால் உள்ளவை அனைத்தும் தேங்கிவிடும். அப்போது அந்தக் கணினியின் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அதன் கோப்புறையில் தேங்கியவற்றை அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். 2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பின் விண்டோஸில் வந்த திருத்தங்களால் பல இடங்களில் இவ்வகைப் பகிர்வு இணைய மறுத்ததையும் மறக்கக் கூடாது. இரண்டே கணினிகள் உள்ள அறைக்கு மட்டுமே இம்முறையைப் பரிந்துரைப்பேன்.

அடுத்தது வைஃபை. பிரிண்டரை எங்கும் வைக்கலாம், கைபேசியிலிருந்தும் அச்செடுக்கலாம் என்பது உண்மையான வசதி. ஆயினும் பழைய கட்டடத்தின் தடித்த கற்சுவர்களைத் தாண்டும்போது சிக்னல் மெலிந்துவிடுகிறது. பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதால், ரூட்டரில் அது அணைக்கப்பட்டிருந்தால் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. விருந்தினருக்கான வைஃபையில் இணைந்த கைபேசிக்குப் பிரிண்டர் தென்படாமல் போவது பெரும்பாலும் பழுதன்று. அந்தப் பிணையம் பொதுவாக உள் சாதனங்களிலிருந்து பிரித்தே வைக்கப்படுகிறது.

மூன்றாவதாக, ரூட்டரிலிருந்து பிரிண்டருக்கு நேராக ஈதர்நெட் கம்பி இழுத்தோம். 100 மீட்டர் வரை இக்கம்பி செல்லும்; இடையில் எந்தக் கணினியும் விழித்திருக்கத் தேவையில்லை. அப்படியும் மின்தடைக்குப் பின் 'ஆஃப்லைன்' வந்தபோதுதான் உண்மையான காரணம் பிடிபட்டது. மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் பிரிண்டருக்கு வேறொரு ஐபி முகவரியை (பிணையத்தில் கருவியை அடையாளங்காட்டும் எண்) கொடுத்துவிட, கணினிகளோ வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்திலேயே கடிதம் போடுவதுபோல முன்னைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. ரூட்டரின் அமைப்பில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அக்கருவிக்கே உரிய அடையாள எண்) எப்போதும் ஒரே ஐபியை ஒதுக்கி வைத்ததும் இத்தொல்லை நின்றது. முகவரியைப் பிரிண்டரிலேயே நிலையாகப் பதிவதும் உண்டு; ஆனால் ரூட்டர் தானாக வழங்கும் வரம்புக்குள் அந்த எண் இருந்தால், அதே எண் வேறொரு கருவிக்கும் போய் மோதல் வரலாம் என்பதால் ஒதுக்கீட்டையே விரும்புகிறேன்.

கம்பி வழியில் பழுதைத் தேடுவதும் எளிது. பிரிண்டரின் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து அமைப்புப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள முகவரியைக் கணினியில் அந்தப் பிரிண்டருக்கான போர்ட்டில் (அச்சு வேலையை எங்கே அனுப்புவது என்ற அமைப்பு) உள்ளதோடு ஒப்பிட வேண்டும். பிரிண்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கம்பியையும் ரூட்டரையும் பாருங்கள். கணினியிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் செய்தால் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) பதில் வந்தும் விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்றால், போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி (கருவியின் நிலையைக் கேட்டறியும் முறை) நிலைக் குறியை நீக்கிப் பாருங்கள். பிணையத்தில் பிரிண்டரைக் கண்டறிந்து விண்டோஸ் தானாகச் சேர்த்த டபிள்யூஎஸ்டி வகைப் போர்ட்டாக இருந்தால், அதற்குப் பதிலாக அந்த ஐபிக்கு டிசிபி/ஐபி போர்ட் ஒன்றை உருவாக்குவது நல்லது.

ரூட்டரை யூபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறோம். லேசர் பிரிண்டரை இணைக்கவில்லை, ஏனெனில் அதன் சூடேற்றும் பகுதி திடீரென இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது. மூடுபனி நாட்களில் காகிதம் ஈரமேறிச் சிக்குவது வேறு விஷயம். பிரித்த காகிதக் கட்டை அதன் உறையிலேயே மூடி வைத்தால் குறையும்.

எங்கள் தேர்வு கம்பிதான். மாணவர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள். பழுதின் காரணத்தை அறிந்த சீனியர் கிளம்பிவிடுவார். ஒதுக்கிய ஐபியையும் மேற்சொன்ன சோதனை வரிசையையும் ஒரு தாளில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறோம்.